பதினோரு டக்கா விரல்

முழங்கை நுனியிலிருந்து கீழ்நோக்கி 11.43 சென்டிமீட்டர். அந்தக் கோட்டுக்கு மேலே கை துண்டிக்கப்பட்டால் 70 சதவீத இழப்பு, கீழே என்றால் 60. தோளெலும்பு நுனியிலிருந்து 20.32 சென்டிமீட்டரில் இன்னொரு கோடு. அதற்குள் வெட்டு விழுந்திருந்தால் 80. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை மனித உடம்பை இப்படித்தான் பங்கு பிரித்து வைத்தது. தசமப் புள்ளிக்குப் பிறகும் இரண்டு இலக்கம் போட்டு அளந்த அந்தப் புண்ணியவான் யாரோ என்று மாணவியாக இருந்த நாளில் வியந்து போயிருக்கிறேன். விஷயம் அவ்வளவு பெரிதில்லை. நாலரை அங்குலம், எட்டு அங்குலம் என்று வெள்ளைக்காரன் கணக்கில் இருந்ததை, மெட்ரிக் முறை வந்த பிறகு யாரோ ஒரு குமாஸ்தா 2.54ஆல் பெருக்கியிருக்கிறார்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மும்பையில் ஒரு பொது மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பிறந்தது செம்பூரில், இப்போது நவி மும்பை கோபர்கைரனேயில், தீன் டாக்கியிலிருந்து நடந்தே வரக்கூடிய ஒரு சிட்கோ கட்டடத்தில் குடியிருக்கிறேன். டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அக்கம்பக்கத்தில் நான் டாக்டர் அக்காதான். ஊனச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போவது குறைவு. வருகிறவர்கள் என்ன வியாதி, எந்தக் கை, எந்தக் கால் என்று ஆரம்பிப்பதில்லை. "இவ்வளவு டக்கா கிடைச்சிருக்கு, இது போதுமா?" என்பதுதான் முதல் பேச்சு. டக்கா என்றால் மராத்தியில் சதவீதம். தமிழரானாலும் மராட்டியரானாலும் பிகார்க்காரரானாலும் இதில் வித்தியாசமில்லை.

இந்த டக்கா எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மாட்டோம். போர்க்களத்துக்கும் தொழிற்சாலைக்கும்தான் போவோம். முதல் உலகப் போரில் அங்கம் இழந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு எந்த உறுப்பு போனால் எத்தனை சதவீத பென்ஷன் என்று பட்டியல் போட்டார்கள். அதே காலத்துச் சிந்தனையில்தான் இந்தியாவில் 1923ல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. முதல் அட்டவணை மிகச் சின்னது. வலது கை முழங்கையிலோ அதற்கு மேலோ போனால் 70, இடது கை என்றால் 60. கட்டைவிரல் 25. ஒரு கண் 30. சுட்டுவிரல் 10. மற்ற விரல் எதுவானாலும் 5. பம்பாய் பஞ்சாலைகளில் தறியோட்டியவனுக்கும், தாராவியில் தோல் பதனிட்டவனுக்கும், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவனுக்கும் ஒரே விரல், ஒரே விலை.

1962ல் அந்த அட்டவணையை மாற்றி விரிவாக்கினார்கள். வலது, இடது பேதம் போய்விட்டது. கட்டைவிரல் 30 ஆனது. விரல்களைக் கணுக் கணுவாகப் பிரித்தார்கள். சுட்டுவிரல் முழுதாகப் போனால் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் என்றால் 5. மோதிர விரலும் சுண்டுவிரலும் அவ்வளவு பெறாது. முழு விரலுக்கே 7தான்.

எங்கள் வீட்டில் ஒரு பதினோரு டக்கா விரல் இருந்தது. அப்பா பவர் பிரஸ்ஸில் தகடு வெட்டுகிற வேலை. அறுபதுகளின் கடைசியில் வலது கைச் சுட்டுவிரலில் இரண்டு கணு போய்விட்டது. கணக்கில் தப்பில்லை, சட்டப்படி உள்ளது வந்தது. சித்தப்பா கேலியாக அவரைப் 'பதினொண்ணு' என்றே கூப்பிடுவார், அப்பாவும் சிரித்துக்கொள்வார். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். ரசம் சாதம் விரலிடுக்கில் ஒழுகிவிடும் என்பதால் அவருக்கு மட்டும் எல்லாவற்றையும் கெட்டியாகப் பிசைந்து வைப்பாள். சட்டைக் கழுத்துப் பட்டனை அவள்தான் போட்டுவிடுவாள். ரூபாய் நோட்டு எண்ணுவது, ஊசியில் நூல் கோப்பது, உப்பை ஒரு சிட்டிகை எடுப்பது எதுவும் பழைய மாதிரி இல்லை. ஆனால் தகடு வெட்டுகிற வேலைக்கு அந்த விரல் அவ்வளவு அவசியப்படவில்லை. மூன்றே மாதத்தில் அதே மெஷினில் போய் நின்றார். அந்தப் பதினொன்று அவருடைய சம்பாத்தியத்துக்கு அதிகம், அவருடைய நாளுக்குக் குறைவு. அட்டவணை எதை அளந்தது என்று இன்று கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. இழப்பீட்டுச் சட்டம் சம்பாதிக்கும் திறனை அளப்பதாகச் சொல்லிக்கொண்டது. கையில் ஸ்கேல் வைத்துக்கொண்டு எலும்பை அளந்தது.

நீதிமன்றங்களுக்கு இது முன்னாடியே புரிந்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சீனிவாஸ் சபதா என்ற தச்சரின் வழக்கில் 1975ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கட்டட வேலையில் விழுந்து அவருடைய இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி இது பகுதி இழப்புத்தானே என்று முதலாளி தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு இழப்பு, நூற்றுக்கு நூறு என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. இழப்பீட்டுத் தொகை 9,800 ரூபாய். உளியைப் பிடிக்க ஒரு கை, கொட்டாப்புளியை ஓங்க ஒரு கை. இதைக் கண்டுபிடிக்கச் சட்டப் படிப்பு வேண்டியதில்லைதான். ஆனாலும் கையை மட்டும் பார்க்காமல் அந்தக் கை செய்த வேலையைப் பார்த்தார்களே, அதற்காக இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கும். 2010ல் ராஜ்குமார் என்பவரின் விபத்து வழக்கில் இதே கருத்தை இன்னும் தெளிவாக்கினார்கள். இடது கை போன ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமானம் அனேகமாக முழுதும் போய்விடலாம். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். மருத்துவர் எழுதும் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள்.

மனிதன் என்ன செய்கிறான் என்று பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட தொழில் என்னுடையது. ஆசியாவிலேயே அதற்கு முதல் பள்ளிக்கூடம் மும்பையில்தான் பிறந்தது, பரேல் கே.இ.எம். மருத்துவமனையில், 1950ல். தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டி என்ற பெயரில் பிறந்த குவாக்கர் பெண்; விஷ்ணு நிம்ப்கரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து சேர்ந்தவர். நடுவயதில் பிலடெல்பியாவுக்குத் திரும்பிப் போய் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்தார். 1952ல் அகில இந்தியச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அப்போது நாட்டில் இந்த வேலை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்திருப்பார்கள்! 1955ல் ஹாஜி அலியில் அகில இந்திய மறுவாழ்வு நிலையம் ஐ.நா. உதவியோடு வந்தது. அதற்கும் முன்னால், 1947ல், இளம்பிள்ளை வாதம் தாக்கிய தன் மகளுக்காக அலைந்த ஃபாத்திமா இஸ்மாயில், குழந்தைகளுக்கு ஒரு சிகிச்சை நிலையத்தை இதே ஊரில் தொடங்கியிருந்தார். மகளுக்கு வைத்தியம் தேடி அவர் முதலில் போனது நம்முடைய சென்னைக்கு, எலும்பு மருத்துவர் கினியிடம்.

நாங்கள் படித்தபோது மனப்பாடம் செய்த பட்டியல் பார்தெல் குறியீடு. மேரிலாந்தில் ஃப்ளாரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டாரதியா பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் 1965ல் வெளியிட்டது. சாப்பிட 10, குளிக்க 5, முகம் கழுவித் தலைவார 5, உடுத்த 10, மலம் அடக்க 10, சிறுநீர் அடக்க 10, கழிப்பறை போய்வர 10, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற 15, ஐம்பது கஜம் நடக்க 15, மாடி ஏற 10. கூட்டினால் 100. இரண்டே நிமிடத்தில் போட்டுவிடலாம். 100 வாங்கினவர் தனியாக வாழ்ந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள், அவரால் சமைக்க, வீட்டை நடத்த முடியாமல் இருக்கலாம் என்று எழுதியவர்களே எச்சரிக்கை வைத்திருந்தார்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

எங்கள் நோயாளிகளோ சால் என்கிற வரிசைக் குடியிருப்புகளிலும் ஜோப்படி என்கிற குடிசைகளிலும் இருந்து வந்தவர்கள். கட்டில் இல்லை. பாயிலிருந்து எழுந்திருப்பது கட்டிலிலிருந்து எழுந்திருப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. குளியல் என்றால் அறை மூலையில் அரையடிச் சுவர் வைத்த மோரியில் குந்தி, பக்கெட்டிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்வது. கழிப்பறை வராந்தாக் கோடியில், பத்துக் குடும்பத்துக்குப் பொது. அங்கே போக வாளியையும் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் விழுந்துபோனவர் கைத்தடி பிடிப்பாரா, வாளி பிடிப்பாரா? ஆஸ்பத்திரி வார்டில் 85 மதிப்பெண் வாங்கி டிஸ்சார்ஜ் ஆனவர், தாராவியில் ஏணி வைத்து ஏறுகிற மாடி அறைக்குப் போனதும் 40க்கு இறங்கிவிடுவார். அவர் உடம்பில் எதுவும் மாறியிருக்காது.

உறுப்புக் கணக்கும் அன்றாட வாழ்க்கைக் கணக்கும் இந்தியாவில் ஒரே தாளில் சந்தித்த இடம் ஒன்று உண்டு. அது அரசாங்கத் தாளில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். 1981, சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. தில்லியில் மருத்துவ வல்லுநர்கள் கூடி, நிரந்தர உடற்குறையை மதிப்பிட ஒரு கையேடு தயாரித்தார்கள். அந்த முறை 1995 ஊனமுற்றோர் சட்டத்துக்குப் பிறகு 2001 ஜூன் முதல் தேதி வந்த அரசிதழ் வழிகாட்டியில் இடம்பிடித்தது. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். கைக்கான பகுதியில் திடீரென்று பத்துக் காரியங்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் 9 சதவீதம். தலைக்கு மேலே இருக்கும் பொருளை எடுத்துத் திரும்ப வைப்பது. மூக்கைத் தொடுவது. நம்மூர் முறையில் கையால் சாப்பிடுவது. தலைவாரிப் பின்னிக்கொள்வது. சட்டை அல்லது குர்தா போடுவது. கழுவிக்கொள்ள ஒரு டம்ளர் தண்ணீர். குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர். பட்டன் போடுவது. நாடா முடிவது, வேட்டி கட்டுவது. எழுதுவது. காலுக்கான பகுதியில் ஒன்பது, ஒவ்வொன்றும் 10. குந்தி உட்காருவதும் சம்மணம் போடுவதும் மண்டியிடுவதும் அதில் அடக்கம். பார்தெல் அம்மையார் கனவிலும் நினைத்திராத சம்மணத்துக்கு நம் அரசிதழில் பத்து சதவீதம் இருந்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்தபோது அப்பா ஞாபகம் வந்தது. அவருடைய ரசம் சாதத்துக்கும் கழுத்துப் பட்டனுக்கும் ஒருவழியாக எண் கிடைத்துவிட்டது. பிறகு அம்மா ஞாபகமும் வந்தது. தலை பின்னுவது இருக்கிறது, அடுப்பு இல்லை. டம்ளர் இருக்கிறது, குடம் இல்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைப்பது இல்லை. பட்டியல் போட்டவர்களுக்கு யார் சமைத்துப் போட்டார்களோ!

இதையும் கடைசியில் ஒரு சூத்திரத்துக்குள் போட்டுக் கடைந்துவிடுவார்கள். இரண்டு குறை இருந்தால் நேரே கூட்டக் கூடாது. 90லிருந்து பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். ஆக, 30ம் 20ம் சேர்ந்தால் 50 இல்லை, 43 சொச்சம். இந்தச் சொச்சத்தில்தான் பல குடும்பங்களின் தலைவிதி. 40 தொட்டால் சட்டம் கண்ணெடுத்துப் பார்க்கும். 39 என்றால் பார்க்காது. இந்த நாற்பது 1995 சட்டத்தோடு முளைத்ததில்லை. 1986ல் மத்திய அரசு வெளியிட்ட வரையறைகளிலேயே நாற்பதுக்குக் கீழே லேசு, நாற்பதுக்கு மேல் மிதம், எழுபத்தைந்துக்கு மேல் கடுமை என்று கோடு கிழித்தாகிவிட்டது. மத்திய அரசின் ஊனமுற்றோர் பென்ஷன் 2009ல் வந்தபோது கோடு 80க்குப் போய்விட்டது. அதோடு வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும்.

மன நோய்க்கு மட்டும் வேறு வழியில் போனார்கள், அது நல்லதாகப் போயிற்று. அங்கே அளக்க எலும்பு இல்லையே. சென்னையில் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தில் தாரா முதலியவர்கள் 1988லேயே நம் ஊருக்கு ஏற்ற மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை உருவாக்கினார்கள். பிறகு இந்திய மனநல மருத்துவர் சங்கம் ஐடியாஸ் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பு, தலைப்புக்கு 0 முதல் 4 வரை, வியாதி எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண், மொத்தம் 20. ஏழு வாங்கினால் நாற்பது சதவீதம். குடும்பத்தாரை உட்காரவைத்துக் கேட்டால்தான் இதை நிரப்ப முடியும். வீட்டு வேலையும் இதில் வேலைதான். அடுப்புக்கு அரசாங்கத் தாளில் இடம் கிடைத்தது மனநல மருத்துவர்கள் கையால். அரியானாவில் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக 1999ல் வந்த இன்னொரு அளவுகோல் இன்னும் அழகு. பண்டிகை ஞாபகம் இருக்கிறதா, ஊருக்குள் வழி தப்பிப் போகிறாரா, வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறாரா என்றெல்லாம் கேட்பார்கள். மறதி நோயைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

கோபர்கைரனேக்கு வருகிறேன். இங்கே என் அண்டை வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் மாத்தாடி எனப்படும் சுமைதூக்கிக் குடும்பங்கள். சாத்தாரா, சாங்லிப் பக்கத்திலிருந்து வந்து மஸ்ஜித் பந்தரில் மூட்டை சுமந்து, சந்தை துர்பேக்கு மாறியபோது கூடவே வந்தவர்கள். அண்ணாசாகேப் பாட்டீல் அவர்களைத் திரட்டினார். 1969ல் மகாராஷ்டிரத்தில் அவர்களுக்கென்றே சட்டம் வந்தது. வாரியம், கூலி, மருத்துவம், வீடு எல்லாம் அந்தச் சட்டம் தந்தவை. நாட்டின் வேறு பல சுமைதூக்கிகளுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம். ஆனால் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய முதுகுக்கு எந்தத் தேதியில் விபத்து நடந்தது என்று எழுதுவது? விரல் வெட்டுப்பட்டால் மணி, நிமிடம், சாட்சி எல்லாம் உண்டு. முதுகெலும்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வலிக்கு நம் வழிகாட்டிகள் தருவது சொற்பம். எதிர் வீட்டுத் தாத்தா கணபதி பூஜைக்குக்கூடத் தரையில் உட்கார முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். உள்ளாடையைப் பேரன் மாட்டிவிடுகிறான். அவர் இந்தக் கணக்கில் எங்குமே வரமாட்டார்.

நூறு வருஷமாக நாம் அளந்துகொண்டிருப்பது யாருக்குச் சலுகை உண்டு, யாருக்கு இல்லை என்பதைத்தான். ஒருவருக்கு எவ்வளவு உதவி வேண்டும், அதை யார் செய்கிறார்கள், எத்தனை மணி நேரம் செய்கிறார்கள் என்று கேட்கிற பழக்கம் நம் தாள்களுக்கு இல்லை. 2016 ஊனமுற்றோர் சட்டத்தின் 38ஆம் பிரிவு முதல்தடவையாகக் கேட்டது. நாற்பதைத் தொட்டவர் தனக்கு அதிக ஆதரவு தேவை என்று விண்ணப்பிக்கலாம். ஒரு குழு பார்த்து முடிவு சொல்ல வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதற்கு விதிகள் 2019 மார்ச்சில் வந்தன. கைகால்களை அளக்கிற வழிகாட்டியோ 2018ல் ஒரு தடவை, 2024ல் ஒரு தடவை என்று திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் ஊன அடையாள அட்டையின் நிறங்களை ஒப்பிக்கிறவர்கள் உண்டு; 38ஆம் பிரிவைக் கேள்விப்பட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாங்குநேரிப் பக்கத்துக்காரி ஒருத்தி, வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், சான்றிதழோடு வந்தாள். "அக்கா, அம்பத்தஞ்சு டக்கா போட்டிருக்காவ. மீதி நாப்பத்தஞ்ச வச்சு அவுக என்ன செய்வாகன்னு இந்தத் தாள்ல எங்கனயாவது எழுதிருக்கா?" என்று கேட்டாள். எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்து நாங்களே எழுதினோம், 38ஆம் பிரிவு விண்ணப்பத்தின் பின்னால் சேர்ப்பதற்காக. விடிகாலை தண்ணீர் வரும்போது இவள் கீழே போனால் அவர் தனியாக இருக்கும் நேரம். பாயிலிருந்து தூக்க இரண்டு பேர், அதில் ஒருவன் பள்ளிக்கூடம் போகும் மகன். மாத்திரையைக் கையில் கொடுத்தால் விழுங்குவார், நேரம் பார்த்து எடுக்க மாட்டார். இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டார், ஆனால் யார் முன்னாலும் சாப்பிட மாட்டார். ராத்திரி இரண்டு தடவை எழுப்ப வேண்டும். நான் எழுதி முடித்துப் படித்துக் காட்டியதும் அவள் நிறுத்தினாள்.

"சாயங்காலம் நான் ரெண்டு வீட்டு வேலைக்குப் போற நேரத்த விட்டுட்டீயளே. அப்ப பக்கத்து வீட்டு மராத்தி அக்காதான் வந்து வந்து எட்டிப் பாக்காவ. அவுக பேரையும் போடுங்க."

போட்டேன்.